போயிட்டு வரேன்

"சின்னம்மா, நான் இந்தப் படிப்பை விட்டுடப் போறேன்."

வெள்ளிக்கிழமை இரவு. வானொலியில் என் நிகழ்ச்சியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா மகன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் முதல் செமஸ்டர். திங்கட்கிழமை சி நிரலாக்கத் தேர்வு. போன சோதனையில் கோட்டை விட்டது அக்காவுக்குத் தெரியாது. "கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறான்" என்று அவள் ஒரு மாதமாக என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தாள்.

நான் படித்தது ஊடகத் துறை. சி மொழியை ஒரே ஒரு செமஸ்டர் விருப்பப் பாடமாக எடுத்து, எப்படியோ தப்பித்தவள். ஆனாலும், "காட்டுடா பார்ப்போம்" என்றேன்.

இரண்டு மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தான். 75, 80 கொடுத்தால் திரையில் 77.5 என்று சரியாக வருகிறது. ஆனால் அதே சராசரியை மெயினில் வாங்கி கிரேடு போடும்போது சம்பந்தமே இல்லாத எண்.

"திரையில சரியாத்தானே வருது சின்னம்மா?"

சிக்கலே அதுதான். ஃபங்ஷன் விடையை பிரிண்ட்எஃப் மூலம் திரையில் காட்டியதே தவிர, ரிட்டர்ன் செய்யவில்லை.

"டேய், சின்னப் பிள்ளையில உன்கிட்ட 10 ரிங்கிட் கொடுத்து ரொட்டி வாங்கி வரச் சொல்வேனே, ஞாபகம் இருக்கா? நீ கடை வாசல்லயே நின்னு 'வாங்கிட்டேன்'னு கத்தினா தெருவுக்கே கேட்கும். ஆனா என் கைக்கு ரொட்டி வரணும்ல?"

கத்துவது பிரிண்ட்எஃப், கையில் கொண்டுவந்து கொடுப்பது ரிட்டர்ன். நான் தினமும் ஒலிவாங்கி முன்னால் செய்வது முதல் ரகம்!

ரிட்டர்ன் இல்லாமல் முடிந்துபோன ஃபங்ஷனிடமிருந்து மதிப்பை எதிர்பார்த்தால், என்ன கிடைக்கும் என்பதற்கு சி மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அவனுடைய கம்பைலர் எச்சரித்துமிருந்தது. ஓடுகிறதே என்று இவன்தான் கண்டுகொள்ளவில்லை.

ரிட்டர்ன் வரியைச் சேர்த்தான். இப்போது 77. அந்த அரை எங்கே? ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் இன்ட் என்று எழுதியிருந்தான். முழு எண் தருவதாக வாக்குக் கொடுத்த ஃபங்ஷன், புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டுத்தான் வரும். அதையும், மெயினில் வாங்கி வைக்கும் மாறியையும் டபுள் என்று மாற்றியதும் 77.5 முழுசாக வந்து சேர்ந்தது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்ச்சி உருவாக்கிய மொழி இது. அந்தக் காலத்தில் வகையை எழுதாவிட்டால் இன்ட் என்றே எடுத்துக்கொள்ளும். 1999ஆம் ஆண்டுத் தரநிலை அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. என்ன கொண்டுவருவாய் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் வாய்ட் என்று எழுதிவிட வேண்டும்.

மெயினும் ஒரு ஃபங்ஷன்தான். அது தருவதை இயங்குதளம் வாங்கிக்கொள்கிறது. 0 என்றால் எல்லாம் நலம். வேறு எண் வந்தால், பொதுவாக ஏதோ கோளாறு.

"ஸ்கூல்ல முட்டை வாங்கினா திட்டு. இங்க முட்டைதான் நல்ல சேதியா?" அன்று இரவு அப்போதுதான் முதன்முதலாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னேன்: "அம்மாகிட்ட சோதனை விஷயத்தைச் சொல்லிடுடா. நீ ஒண்ணும் சொல்லாததால அவங்களே எதையெதையோ கற்பனை பண்ணிக்கிட்டு இருக்காங்க. உண்மை அவ்வளவு மோசமில்ல."

மறுநாள் சொன்னான். அக்கா திட்டினாள், கொஞ்சம் அழுதாள், பிறகு அவனுக்கு ஒரு குவளை மைலோ கலக்கிக் கொடுத்தாள். படிப்பை விடும் பேச்சு அதோடு நின்றது.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் அம்மா வைத்த சட்டம். திங்கட்கிழமை காலை அவனும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

மதியம் அக்கா பதறிப்போய் எனக்கு அழைத்தாள்.

"தேர்வு எப்படிடான்னு கேட்டேன். வெறும் 0ன்னு அனுப்பியிருக்கான்டி!"

"நல்ல சேதிதான் அக்கா" என்றேன்.