ஒரு விரல் நீள விரிசலுக்கு முழு பம்பரா?

புழலில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதில்லை. ஜி.என்.டி. ரோட்டில் கண்டெய்னர் லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே கிடைக்கிற இடுக்கில்தான் நம் ஸ்கூட்டரும் காரும் ஊர்ந்தாக வேண்டும். காவாங்கரை பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ உரசிவிட்டுப் போகும். மழைத் தண்ணீர் மூடிக் கிடக்கும் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் பம்பரின் அடி தரையில் தட்டும். வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியை யாரோ சாய்த்துவிட்டு, தூக்கி நிறுத்திவிட்டு, சொல்லாமல் போய்விடுவார்கள். யாருக்கும் அடியில்லை, இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. சைடு பேனலில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதைச் சரிசெய்யக் கிளம்பினால்தான் தெரிகிறது, இவ்வளவு பெரிய ஊரில் அதற்கு ஓர் ஒழுங்கான வழி இல்லை என்று.

ஷோரூம் சர்வீஸில் ஒரே பதில்தான்: “இதெல்லாம் ஒட்டித் தர மாட்டோம் சார், பேனலையே மாத்திடலாம்.” மாற்றுவதோடும் முடியாது. பம்பர் பெயிண்ட் இல்லாமல் வரும். பெயிண்டுக்குத் தனிக் கூலி. ஸ்டிக்கர் தனி, கிளிப் தனி. ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல நேரம் உள்ளே உடைந்திருப்பது ஒரே ஒரு லாக், கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக். அதற்காக முழுப் பேனலையும் கழற்றி எறியச் சொல்கிறார்கள். வண்டித் தவணையும் கட்டிக்கொண்டு, மணலிக்கும் எண்ணூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருகிறவர் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்து என்ன செய்வார்? விரிசலோடேயே ஓட்டுவார். ஒவ்வொரு பள்ளத்திலும் அது இன்னும் கொஞ்சம் நீளும்.

“இன்ஷூரன்ஸ் இருக்கே” என்பார்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் பிடித்துவிடுவார்கள். வண்டி வாங்கிய மறுமாதமே உடைந்தாலும் அதே பாதிதான். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம்; கண்ணாடிக்கு மட்டும் பிடித்தமில்லை. 1500 சிசி வரையுள்ள கார் என்றால், கட்டாயப் பங்காக மேலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து. கிளெய்ம் செய்துவிட்டால், 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸும் அடுத்த புதுப்பித்தலில் போய்விடும். தேய்மானம் பிடிக்காத பாலிசி வேண்டுமென்றால் அதற்குத் தனி பிரீமியம். இன்றைய ஸ்கூட்டரில் வெளியே தெரிவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். இடித்தால் முதலில் உடைவதும் அதுதான். அதற்கே பாதிக் காசு என்றால், இந்தக் காப்பீடு யாரைக் காப்பதற்கு?

அடுத்து ரோட்டோரக் கடை. இங்கே மனசு இருக்கிறது. “வுட்டுட்டுப் போண்ணா, சாய்ந்தரம் வந்து எடுத்துக்க” என்கிற தம்பியிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் வேலை? ஃபெவிக்விக்கை ஊற்றி மேலே சோடா மாவைத் தூவுகிறார். இல்லையென்றால் எம்-சீலை உருட்டி அப்புகிறார். அதுவும் இல்லையென்றால் சூடு எவ்வளவு என்றே தெரியாத ஒரு சால்டரிங் அயர்னை எடுத்து, விரிசலின் குறுக்கே கோடு கோடாக இழுக்கிறார். பிளாஸ்டிக் கருகிக் கறுப்புப் புகை எழுகிறது. கருகிய பிளாஸ்டிக்குக்குப் பலம் ஏது? அந்தப் புகையில் ஸ்டைரீன் போன்ற நச்சு ஆவிகள் உண்டு. முகமூடிகூட இல்லாமல் அதை நாளெல்லாம் சுவாசிக்கிறாரே என்று நமக்குத்தான் வயிறு எரிகிறது. மேலே பட்டி பூசி, ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். மாதவரம் ரவுண்டானா தாண்டுவதற்குள் அதே இடத்தில் பிளந்துகொள்ளும்.

இத்தனைக்கும் இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. தான் என்ன பிளாஸ்டிக் என்று பேனலே சொல்கிறது. கழற்றித் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் உட்புறத்தில் இரண்டு கூர்க்குறிகளுக்கு நடுவே ஏ.பி.எஸ். என்றோ பி.பி. என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். 100 கிராமுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பாகங்களில் இந்தக் குறி வேண்டும் என்று ஐரோப்பாவில் 2003-லேயே விதித்தார்கள். ஸ்கூட்டர், பைக்கின் பெயிண்ட் அடித்த பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அது அசிட்டோனில் கரையும். அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கித் தடவினால், விரிசலின் இரண்டு கரையும் கரைந்து ஒன்றாகிவிடும். கார் பம்பர் வேறு சாதி. பாலிப்ரொப்பிலீனோடு ரப்பரும் டால்க் பொடியும் கலந்து செய்தது. மெழுகு தடவிய பரப்பு போல எந்தச் சாதாரணப் பசையையும் ஒட்டவிடாது. சுமார் 165 டிகிரியில் உருகும் என்பதால் அதற்கு வெல்டிங்தான் நம்பகமான வழி. வளைந்து கொடுக்கவென்றே செய்த பம்பரில் கல்லாக இறுகும் பசையை அப்பினால், பம்பர் வளையும், பசை வளையாது. பெயர்ந்து விழாமல் என்ன செய்யும்?

முறையான வேலை இதுதான். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். விரிசல் முடிகிற நுனியில் சின்னதாக ஒரு துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. பின்பக்கத்தில் விரிசல் நெடுகிலும் ‘வி’ வடிவில் பள்ளம் எடுத்து, அதே ரகப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடுகாற்றுத் துப்பாக்கியால் உருக்கி நிரப்ப வேண்டும். குச்சி கிடைக்காவிட்டால், புதுப்பேட்டையில் அதே குறியுள்ள பழைய பம்பர் ஒன்றைப் பிடித்து நறுக்கிக்கொள்ளலாம். பலம் வேண்டிய இடத்தில் பின்னால் எவர்சில்வர் வலையைப் பதிக்க வேண்டும். தேய்த்து, பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பிரைமர் அடித்த பிறகுதான் பெயிண்ட். இல்லாவிட்டால் பாலிப்ரொப்பிலீனிலிருந்து பெயிண்ட் உரிந்து வந்துவிடும்.

எல்லாவற்றையும் வெல்டு பண்ணச் சொல்லவில்லை. பம்பரை மாட்டுகிற இடமே கிழிந்துபோனாலோ, சேதம் சென்சார் இருக்கும் பகுதியில் இருந்தாலோ, மாற்றுவதுதான் சரி. ஹெல்மெட்டில் விரிசல் கண்டால் ஒட்டவே கூடாது. பிழைக்கக்கூடிய பேனலையும் சேர்த்துக் குப்பையில் போடச் சொல்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

திருவொற்றியூரில் புல்லட்டும் எண்ணூரில் லாரியும் செய்து பழகிய வட்டாரம் இது. தகட்டில் ஒடுக்கு விழுந்தால் தட்டி நிமிர்த்த டிங்கர்கள் இருந்தார்கள். வண்டியின் உடம்பு பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, அந்தக் கைகளுக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை. பிளாஸ்டிக் தொழிலுக்கென்றே மத்திய அரசு 1968-ல் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் இதே சென்னையில், கிண்டியில் இருக்கிறது. அந்த அறிவு ஜி.என்.டி. ரோட்டு மெக்கானிக் கடைக்கு வந்து சேர ஐம்பது ஆண்டு போதாதா?

உதிரி பாகங்களை வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. உரிமை காகிதத்தில் இருக்கட்டும், தெருவில் எங்கே?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளாஸ்டிக் வெல்டிங்கைச் சேருங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். லாக் உடைந்தால் மாட்டிக்கொள்ள லாக்கை மட்டும் தனியாக விற்கட்டும். பழுதுபார்த்த செலவைத் தேய்மானம் பிடிக்காமல் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்கட்டும். புதிது வாங்கித் தருவதைவிட அவர்களுக்கும் அது மலிவுதானே?

அதுவரைக்கும் நம் கையில் இருப்பதைச் செய்வோம். பேனலைக் கொடுக்கும் முன் அதைத் திருப்பி, உள்ளே என்ன குறி இருக்கிறது என்று மெக்கானிக்கோடு சேர்ந்து பாருங்கள். இதற்கு ஒட்டா, வெல்டிங்கா என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் கொடுத்து, கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நல்ல வேலைக்குக் காசு வருகிறது என்று தெரிந்தால்தான் பக்கத்துக் கடைக்காரரும் அதைக் கற்றுக்கொள்வார்.