கொட்டகைக்கும் ஒரு மெயின் வேண்டும்!

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊராட்சிக்கு விதி வகுத்து, அதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளை இன்றும் அங்கே காணலாம். அந்த வட்டாரத்துக் கழனிகளுக்கு இன்று இன்னொரு விதி மிகவும் தேவைப்படுகிறது. அது மின்சார விதி.

மீட்டர்ப் பெட்டி வரப்பு ஓரத்தில் இருக்கும். கிணறும் மோட்டார்க் கொட்டகையும் நூறு கெஜத்துக்கு அப்பால் இருக்கும். "மீட்டர் கிட்டே மெயின் இருக்கே, அண்ணே! கொட்டகையிலே எதுக்கு இன்னொண்ணு?" என்று வயர்மேனைக் கேட்கும் விவசாயிகள் உண்டு.

நியாயமான கேள்விதான். ஆனால் கிணற்றில் இறங்கி ஃபுட் வால்வைக் கழற்றுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டரை அணைத்திருக்கிறார். மின்சாரமும் போயிருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரில் 'ஆட்டோ' பொருத்தியிருந்தால், மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்கிவிடும். தூரத்து மெயினை அணைத்து வந்திருந்தாலும், விஷயம் தெரியாத ஒருவர் அதைப் போட்டுவிடலாம் அல்லவா?

சிலர் ஒரே ஒரு பியூசைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். இது பெரிய அபாயம். மும்முனை இணைப்பில் மீதி இரண்டு கம்பிகளிலும் மின்சாரம் இருக்கிறது. பியூஸ் எடுத்த முனைக்கும் மோட்டாரின் சுருள் வழியாக அது சுற்றி வந்துவிடும்.

இதையெல்லாம் எண்ணித்தான் 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 50-ஆவது விதி எழுதப்பட்டது. மின்சாரம் நுழையும் இடத்தில் ஒரு சுவிட்ச் வேண்டும். அது போக, மோட்டாருக்கு அருகில், இயக்குகிறவர் கைக்கு எளிதில் எட்டும்படி, எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். பழைய விதிகளுக்குப் பதிலாக 2010-இலும், மறுபடி 2023-இலும் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அமெரிக்காவிலும், பிரதானக் கட்டடத்திலிருந்து மின்சாரம் பெறும் தனிக் கட்டடத்துக்குத் தனித் துண்டிப்பு சுவிட்ச் கட்டாயம்.

பிறகு தடை எங்கே? இணைப்பு வாங்கும்போது வயரிங்குக்குச் சான்று கேட்கிறார்கள். பின்னால் போர்வெல் போட்டு, இரண்டாவது கொட்டகைக்கு இழுக்கும் ஒயரை யார் பார்க்கிறார்கள்? 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. சுவிட்ச் இலவசம் அல்ல. ஆகவே அது தள்ளிப் போகிறது.

தள்ளிப் போடலாகாது. கொட்டகையில் மும்முனை மெயின் ஒன்றைப் பொருத்துங்கள். இறங்குமுன் அதை அணையுங்கள். மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்ளுங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். சுவிட்சின் விலையைப் பயிரில் எடுத்துவிடலாம். போன உயிரை எந்தப் பயிரில் எடுப்பது?