பிடுங்கிய நாவலும் ஒரு மன்னிப்பும்



ஞாயிறன்று சம்பா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த தம்பி முறைக்காரர் ஒருவர், என் மேசையில் கிடந்த ‘ரிடீமிங் லவ்’ நாவலைப் புரட்டினார். “ஏன்க்கா, டீச்சரா இருந்தவங்க, கோயிலுக்குப் போறவங்க, விலைமகளோட காதல் கதையா படிக்கிறது?” என்றார்.

ஆமாம் தம்பி, ரசித்துத்தான் படிக்கிறேன். ஃபிரான்சின் ரிவர்ஸ் 1991-இல் எழுதிய அந்த நாவல், பைபிளில் உள்ள ஓசேயாவின் கதையைத்தான் கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஓடிய காலத்தில் வைத்துச் சொல்கிறது. விலைமகளை மணந்துகொள் என்று ஓசேயாவிடம் சொன்னது யார்? ஆண்டவர்தானே! இனிமைமிகு பாடலையும் கிழித்துப் போட்டுவிடலாமா?

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) எழுதிய முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர்தான். பிரதாபனும் ஞானாம்பாளும் பிரிந்து மறுபடி சேரும் கதையை எழுத அவருடைய விசுவாசம் தடுக்கவில்லையே!

“எல்லாக் கதையும் ஒரே மாதிரி முடியும்” என்பது இலக்கிய நண்பர்களின் குறை. ஜெபமாலையும் தினமும் ஒரே மாதிரிதான் முடிகிறது, அலுத்துக்கொள்கிறோமா? கதை பிரசங்கமாகிவிட்டால் மட்டும் மூடிவைத்துவிடுவேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு காலத்தில் அந்தத் தம்பியைப் போலத்தான் இருந்தேன். பூகோளப் புத்தகத்துக்குள் காதல் நாவலை ஒளித்துப் படித்த ஒரு மாணவியிடமிருந்து அதைப் பிடுங்கினேன். வகுப்பே சிரித்தது. நாவலைத் திருப்பித் தரவேயில்லை.

இதைப் படிக்கிறாயா அம்மா? மன்னித்துவிடு. ஒருநாள் வீட்டுக்கு வா. என் அலமாரியில் பிடித்ததை எடுத்துக்கொண்டு போ.