பச்சிளங் குழந்தையின் சர்க்கரை நோய்: விதியென்று விட்டுவிடலாகாது

பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று கேட்டதும், இனி வாழ்நாளெல்லாம் இன்சுலின் ஊசிதான் என்று பெற்றோர் மனமொடிந்து போகின்றனர். எல்லாக் குழந்தைகளுக்கும் அம்முடிவு பொருந்தாது என்பதே எங்கள் கருத்து.

கணையத்தின் பீட்டா செல் சுவரில், பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய கால்வாய்கள் உள்ளன. உண்டதன் சர்க்கரை செல்லுக்குள் எரிந்து ஏடிபி என்னும் ஆற்றல் பொருள் பெருகும்போது, அக்கால்வாயின் மதகு மூடுகிறது. உடனே செல்சுவரின் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உட்புக, இன்சுலின் சுரக்கிறது. சில குழந்தைகளுக்கு மரபணுப் பிழையால் இம்மதகு மூடுவதேயில்லை. செல்லில் இன்சுலின் இருந்தும் வெளிவர வழியில்லை.

கேசிஎன்ஜே11 என்னும் மரபணுவில் உள்ள இப்பிழையை, 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகர ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நம் வீட்டுப் பெரியவர்கள் பல்லாண்டுகளாக அறிந்த கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு அம்மதகை மூடும் ஆற்றல் உண்டு. 2006இல் வெளியான ஆய்வில், இப்பிழையுடைய 49 பேரில் 44 பேர் அவ்வகை மாத்திரையால் இன்சுலின் ஊசியையே நிறுத்த முடிந்தது. சென்னையில் மருத்துவர் வி. மோகன், ராதா வெங்கடேசன் ஆகியோரின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்தியக் குழந்தைகளிடமும் இத்தகைய மரபணுப் பிழைகளைக் கண்டறிந்துள்ளது.

ஆகவே, ஆறு மாதத்திற்குள் நோய் வெளிப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனை செய்வது, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வழக்கமான நடைமுறையாக வேண்டும். இதற்காகக் குழந்தையைச் சென்னைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. சிறிதளவு இரத்தம் பயணம் செய்தால் போதும். கைக்குழந்தையாய் இருந்தபோது நோய் தொடங்கி, இன்று பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

சிறுநீர் பட்ட துணியில் எறும்பு மொய்த்தல், எடை கூடாமை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வாருங்கள். மூச்சுத் திணறலைச் சளியென்று எண்ணி நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்து. சர்க்கரை அளவைப் பார்க்க ஒரு துளி இரத்தம் போதுமே!

இரண்டு எச்சரிக்கைகள். பரிசோதனை முடிவு வரும்வரை இன்சுலினே குழந்தையின் உயிர்க்காவல். அதனைத் தாமாக நிறுத்தலாகாது. மாத்திரைக்கு மாறுவதும் மருத்துவமனைக் கண்காணிப்பிலேயே நிகழ வேண்டும். பிழை வேறு சில மரபணுக்களில் இருப்பின் ஊசியே தொடரும்.

இறுதியாக, குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சொந்தத்தில் மணமுடித்ததால் வந்தது என்றும், தாய் உண்டதால் வந்தது என்றும் பழி கூறாதீர்கள். கேசிஎன்ஜே11 பிழை பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுவது. அதில் எவர் குற்றமும் இல்லை. காரணத்தைத் தேடாமல் விடுவதே நம் குற்றமாகும்.