அடிக்கணக்கில் ஒரு செலவு

ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) படத்துக்குத் தயாரிப்பாளர்கள் 5 லட்சம் பேர். குஜராத் பால் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களான விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். சேர்ந்தது 10 லட்சம். இது பலமுறை சொல்லப்பட்ட கதை. யாரும் அதிகம் போட்டுப் பார்க்காதது அதன் கணக்கு. படம் ஓடுவது சுமார் 134 நிமிடம். வகுத்துப் பார்த்தால், திரையில் ஓடும் ஒவ்வொரு நொடிக்கும் 62 விவசாயிகள் பணம் கட்டியிருக்கிறார்கள். நொடிக்கு 24 பிம்பங்கள். ஆக, ஒரு பிம்பத்துக்கு இரண்டரை விவசாயி.

இந்தப் பணத்துக்குள்தான் எல்லாம் அடங்க வேண்டும். சம்பளம், ராஜ்கோட் பக்கத்துக் கிராமத்தில் முகாமிட்ட குழுவின் சாப்பாடு, கேமரா, வண்டி வாடகை. இவற்றிலெல்லாம் பேசிக் குறைக்க இடமுண்டு. பேரத்துக்கு மசியாத சரக்கு ஒன்றுதான்: வண்ண பிலிம்.

35 மி.மீ. பிலிம் நொடிக்கு ஒன்றரை அடி ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிடம்கூடத் தாங்காது. நடிகர் வசனத்தை மறந்து பத்து நொடி விழித்தால் 15 அடி போச்சு. ஒளி பட்ட பிலிமை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்த முடியாது. போனில் எடுத்துப் பிடிக்காததை அழித்துவிடும் தலைமுறைக்கு இந்தப் பதற்றத்தை விளக்குவது கஷ்டம். 134 நிமிடப் படத்தின் இறுதி நீளமே சுமார் 12,000 அடி. ஒவ்வொரு ஷாட்டையும் நான்கு தடவை எடுத்தால் 48,000 அடி, அதாவது 120 சுருள். அதனால்தான் சிக்கனமான இயக்குநர்கள் ஒத்திகையை நீட்டினார்கள், ‘டேக்’கைக் குறைத்தார்கள். ஒத்திகைக்கு பிலிம் செலவில்லை.

எடுத்ததோடு முடிவதில்லை. கறுப்பு வெள்ளை நெகடிவில் வேலை செய்வது வெள்ளி உப்பு மட்டுமே. வண்ண நெகடிவில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே வாங்கிக்கொள்ளும் மூன்று அடுக்குகள். கழுவும்போது கரைசலின் வெப்பம் சற்றே பிசகினாலும் மூன்றும் ஒத்துப்போகாது. முகம் ஒரு நிறம், வானம் வேறொரு நிறம் என்றாகிவிடும். லேப் கட்டணம் ஏறியதற்கு இந்தக் கறார்த்தனமும் ஒரு காரணம். கழுவிய நெகடிவிலிருந்து எடிட்டிங்குக்காக எடுக்கும் ரஷ் பிரிண்டைக் கறுப்பு வெள்ளையிலேயே போட்டுக்கொள்வது அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்களின் வழக்கமான சிக்கனம். விளைவு, வண்ணப் படம் எடுத்தவரே தன் படத்தின் வண்ணத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்.

இத்தனைக்கும் மேலே ஒரு சிக்கல். வண்ண சினிமா நெகடிவ் இந்தியாவில் தயாராகவில்லை. 1967ல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் விற்றுப் பேர் வாங்கியது கறுப்பு வெள்ளைச் சரக்கில். வண்ணம் வேண்டுமானால் இறக்குமதி; இறக்குமதி என்றால் அன்னியச் செலாவணி, லைசென்ஸ், கோட்டா. கையில் பணமிருந்தாலும் கேட்ட நேரத்தில் கேட்ட அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

சத்யஜித் ராய்க்கே இதில் விலக்கில்லை. 1962ல் ‘கஞ்சன்ஜங்கா’வை வண்ணத்தில் எடுத்தவர், அடுத்து கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார். ‘குபி கைன் பாகா பைன்’ (1969) ராஜாவும் பேயும் மாயமும் நிறைந்த படம்; வண்ணத்துக்கென்றே பிறந்த கதை. பட்ஜெட் இடம் கொடுக்காததால் கடைசிக் காட்சி மட்டுமே வண்ணமானது. ‘மந்தன்’ வெளியான அதே 1976ல் திரைக்கு வந்த ராயின் ‘ஜன ஆரண்யா’ கறுப்பு வெள்ளைதான்.

பெனகலும் ஒளிப்பதிவாளர் கோவிந்த் நிஹலானியும் வேறு வழியில் போனார்கள். ஒரே வகை பிலிமில் முழுப் படத்தையும் எடுக்கக் கட்டுப்படியாகவில்லை. எனவே வெவ்வேறு வகை பிலிம்களைக் கலந்து எடுத்தார் நிஹலானி. சொல்வதற்குச் சுலபம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு வண்ணச் சாய்வு, ஒளியை வாங்கும் திறன், துகளின் பருமன் உண்டு. ஒரு சுருளில் செம்மண்ணாகத் தெரியும் தரை அடுத்ததில் பழுப்பாகத் தெரியலாம். லேபில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி திருத்தி ஒப்பேற்ற வேண்டும். சௌராஷ்டிரத்தின் வறண்ட வெளிச்சம் அந்தப் படத்தில் எவ்வளவு இயல்பாக வந்திருக்கிறது என்று பார்த்தால்தான் அவர் பட்ட பாடு புரியும். பால் விற்றவர்கள் லாரி லாரியாக வந்து பார்த்தது அதைத்தான். கிராமங்களுக்குக் கொண்டுபோவதற்காக 16 மி.மீ. பிரிண்ட்களும் போடப்பட்டன.

வண்ண பிலிமுக்கு இன்னொரு செலவும் உண்டு. அதன் பில் பல வருஷம் கழித்து வரும். கறுப்பு வெள்ளைப் பிம்பம் வெள்ளியாலானது. ஒழுங்காகக் கழுவி வைத்தால் நிற்கும். வண்ணப் பிம்பம் சாயத்தாலானது. வெப்பமும் ஈரமும் சாயத்துக்கு ஆகாது. குளிர்சாதன அறையில் வைக்கப்படாத எத்தனையோ பழைய பிரிண்ட்களில் நீலமும் பச்சையும் போய் வெறும் இளஞ்சிவப்புதான் மிச்சம். குளிர்சாதன அறைக்கும் பணம் வேண்டும். அதுவும் வருஷா வருஷம்.

‘மந்தன்’ இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மூல நெகடிவ் இருந்தது. பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதை மீட்டெடுக்க முன்வந்தது. சென்னை பிரசாத் நிறுவனத்திலும் இத்தாலியின் போலோன்யா நகர லேபிலும் வேலை நடந்தது. கலந்து எடுத்த பிலிம்களின் வண்ணங்களை மறுபடி ஒன்றோடொன்று பொருத்த, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் கழித்து மேற்பார்வைக்கு உட்கார்ந்தவர் அதே நிஹலானி. 2024 மே மாதம் கேன்ஸ் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் படம் காட்டப்பட்டது; ஜூனில் இந்தியத் தியேட்டர்களுக்கும் திரும்பி வந்தது. பெனகல் அந்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

மீட்பு வேலைக்குப் பணம் கொடுத்தது குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பு. 1976ல் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தவர்களின் அமைப்பு.