பட்டாணி வில்லையும் மாட்டிறைச்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பட்டாணிப் புரதத்துடன் எண்ணெய் முதலியவற்றைச் சேர்த்து, மாட்டிறைச்சியைப் போலவே வில்லை செய்து விற்கின்றனர். இரண்டையும் மிச்சிகன் சர்வகலாசாலையார் 2018-ஆம் வருஷத்தில் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தனர். கால் ராத்தல் வில்லையொன்றுக்கு, பட்டாணி வகையில் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் நூற்றுக்கு 90 பங்கும், நிலம் 93 பங்கும், ஜலம் 99 பங்கும் குறைகின்றனவாம். சக்திச் செலவில் மாத்திரம் குறைவு 46 பங்கே. ஆலை வேலை இருக்கிறதல்லவா?

இவ்வாராய்ச்சிக்குப் பணம் உதவியது அவ்வில்லையைச் செய்யும் கம்பெனியேயாகும். ஆகையால் ஐயுறுவோர் இருக்கலாம். ஆயினும் அதே வருஷத்தில் பூர், நெமெசெக் என்போர் 119 தேசங்களின் பண்ணைக் கணக்குகளைத் திரட்டி வெளியிட்ட முடிபும் அப்பக்கமே சாய்கிறது. 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென வளர்க்கும் மாட்டினால் சராசரி 50 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமமான வாயுக்கள் உண்டாகின்றன. பட்டாணியினால் அரைக் கிலோவுக்கும் குறைவே. மாடு செரிக்கும்போது வயிற்றில் மீதேன் வாயு உண்டாகிறது. தின்ற தீனியில் சொற்பமே இறைச்சியாகிறது. பட்டாணியோ வேர் முடிச்சுகளின் உதவியால் தழைச்சத்தை ஆகாயத்திலிருந்தே பெறுகிறது.

இதைக்கொண்டு நம் மாடுகளைப் பழிப்பது, எமது அபிப்பிராயத்தில், நியாயமன்று. அமெரிக்க மாடு மக்காச்சோளம் தின்று இறைச்சிக்கென்றே கொழுக்கிறது. நம் மாடு வைக்கோல் தின்று பாலும் எருவும் தருகிறது. அதுவும் மீதேன் விடுவது மெய்யே. அப்பழியைப் பாலும் எருவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நமக்கு இதில் விஷயம் பருப்பு வகையே. நெல்லறுத்த வயலில் ஈரமிருக்க, உளுந்து விதைக்காமல் தரிசாக விடும் மிராசுதார்கள் இக்கணக்கைச் சற்று நோக்குவார்களாக.