மை பூசும் கை நம்முடையது, இயந்திரம் யாருடையது?

பொறியியல் கலந்தாய்வு தொடங்கியதும் நம் பிள்ளைகளுக்கு ஒரே அறிவுரைதான் கிடைக்கிறது: "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, கிடைக்காவிட்டால் ஐ.டி. எடு." கிண்டி பொறியியல் கல்லூரியில் பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங் டெக்னாலஜி என்றொரு நான்காண்டு பி.இ. இருக்கிறது என்று சொன்னால், "பிரஸ்ஸில் வேலை பார்க்கவா நாலு வருஷம் படிக்கணும்?" என்று சிரிக்கிறார்கள். அச்சுத் தொழில்நுட்பம் படித்தவன் நான். அந்தச் சிரிப்பில் அறியாமை பாதி. கைத்தொழில் என்றாலே முகம் சுளிக்கும் சாதிப் புத்தி மீதி.

செய்தித்தாள் விற்பனை குறைவதைப் பார்த்து அச்சே செத்துவிட்டது என்கிறார்கள். காலையில் கிழிக்கும் பால் பாக்கெட்டில் இருப்பது அச்சு. மாத்திரை அட்டையின் பின்புற அலுமினியத் தாளில், பிஸ்கட் உறையில், சோப்புப் பெட்டியில் இருப்பதும் அச்சுதான். பிளாஸ்டிக் உறைக்கு பிளெக்ஸோ அல்லது கிராவியர், அட்டைப் பெட்டிக்கு ஆப்செட் என்று ஒவ்வொன்றுக்கும் முறை வேறு, மை வேறு. உணவைத் தொடும் உறையில் எந்த மை இருக்கலாம் என்பது வேதியியல். சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு நிறங்கள் மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்பது இயந்திரவியல். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற ஒரே விதியில் ஆப்செட் தொழிலே ஓடுகிறது. நாசிக், தேவாஸ், மைசூரு, சல்போனி அச்சகங்களில் அடிக்கும் ரூபாய் நோட்டுக்குப் பின்னாலும் இந்தப் படிப்புத்தான்.

நம் இயக்கத்துக்கு இந்தத் தொழில் அந்நியமும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். 1920இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட 'கேசரி' மறுத்ததை அம்பேத்கரே பின்னர் எழுதினார். அடுத்தவன் இயந்திரத்தை நம்பி இயக்கம் நடத்த முடியாது என்று தெரிந்ததால்தான் சொந்த அச்சகம் வைத்தார். புத்த பூஷண் என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்த அச்சகத்தை 2016 ஜூன் மாதம் மும்பை தாதரில் அம்பேத்கர் பவனோடு சேர்த்து இடித்தார்கள். எதை முதலில் இடிக்க வேண்டும் என்பது இடிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை மொழிச் சீர்திருத்தமாக மட்டுமே வகுப்பில் படிக்கிறோம். அது அச்சுக்கூடத்திலிருந்தும் வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஈய அச்சு வார்க்க வேண்டியிருந்த காலம் அது. எழுத்து குறைந்தால் அச்சுப் பெட்டி சிறுக்கும், கோப்பது விரைவாகும், கற்பது எளிதாகும் என்று வாதிட்டவர், 1935இல் 'குடிஅரசு' இதழில் அதை நடைமுறைப்படுத்தினார். அரசு ஏற்க 1978 ஆனது.

ஆனால் இன்று அச்சகங்களின் முதலாளி நாற்காலியில் யார்? சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1899இல் சூறையாடப்பட்ட ஊர் அது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார் சமூகம் மகமை நிதியைக் கொண்டு பள்ளி கட்டி, வணிகம் செய்து, தீப்பெட்டி லேபிள் அடிக்க அச்சுக்குள் வந்தது. மதிக்க வேண்டிய வரலாறு. ஆனால் அந்த ஏணியில் அடுத்து ஏறுபவனுக்கு மேலே இருந்து கை நீளவில்லை. காகிதம் சுமப்பவரும் பைண்டிங்கில் மடிப்பவரும் நம் தெருவிலிருந்து போகிறார்கள். காகிதத்தைக் கடனில் வாங்கவும் ஆர்டர் பிடிக்கவும் தேவைப்படும் 'தெரிந்தவர்' நம் தெருவில் இல்லை.

பட்டம் வாங்கியும் இது தீர்வதில்லை. ஒரு பேக்கேஜிங் நிறுவன நேர்காணலில் டெல்டா-இ பற்றி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். சொந்த ஊர், அப்பா தொழில், குலதெய்வக் கோயில் பற்றி ஐந்து கேள்விகள். நிற வேறுபாட்டை அளக்கக் கருவி வைத்திருக்கிறார்கள். எங்களை அளக்க அவர்களுக்குக் குலதெய்வம் போதும்.

கல்லூரிக்குள் நுழைய வழி ஓரளவு இருக்கிறது. 18 விழுக்காட்டு இடஒதுக்கீடும் அதற்குள் அருந்ததியர் 3 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடும் உண்டு. கல்லூரிக்கு வெளியே தனியாரிடம் ஒதுக்கீடு கிடையாது. தொழில் தொடங்க மாநில அரசு 'அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள்' திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் தருகிறது. நல்லது. மானியத்தில் வாங்கிய இயந்திரத்துக்கு வேலை யார் தருவார்? ஒன்றிய அரசின் கொள்முதலில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கென 4 விழுக்காட்டு இலக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் அச்சுப் பணியிலும் அப்படியொரு பங்கைக் கேட்டு நம்மில் யார் மனு கொடுத்திருக்கிறோம்? சமச்சீர்ப் பாடத்தில் அம்பேத்கர் இருக்கிறாரா என்று பார்க்கிறோம், சரிதான். அந்தப் பக்கத்தை அடித்த இயந்திரம் யாருடையது என்றும் கேட்போம்.

இந்த ஆண்டு விருப்பப் பட்டியல் நிரப்பும் தோழர்கள் இந்தப் படிப்பையும் அதில் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை போக முடியாத தம்பி, தங்கைகளுக்கு சென்னை தரமணியில் அரசு அச்சுத் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு போதும். டிப்ளமோ முடித்தால் நேரடியாக பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். இதைச் சொல்ல அவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.